சொல்வதைக் கேட்பதில்லை

மாரித்தாய் டீச்சரின் தொண்டையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதையே இல்லை.

சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் ஓடும் தெரு ஒன்றின் கடைசியில் அந்தத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. காலை எட்டு மணிக்குத் தறிகள் ஓட ஆரம்பித்தால் தெரு மொத்தமும் அதிரும். பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது நமக்கு எட்டாது. ஜன்னலைத் திறந்தால் சத்தத்தோடு பஞ்சும் உள்ளே வரும், சாத்தினால் சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை எடுத்துப் பத்தொன்பது வருஷமாக ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் மாரித்தாய். அவள் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் தறிக்கூடத்து ஆட்களும் கூடவே சேர்ந்து சொல்வார்கள் என்று தலைமையாசிரியர் ஞானதுரை கேலி செய்வார். நாலும் ஐந்தும் அவருக்கு. பள்ளிக்கு மொத்தம் இந்த இரண்டு பேர்தான்.

கேலிக்கெல்லாம் மாரித்தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள். உள்ளுக்குள் அவளுக்குப் பெருமைதான். தன் வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்கும் என்று, வருகிற அதிகாரிகளிடமெல்லாம் சொல்வாள். இத்தனை தறிகளுக்கு நடுவே எந்தக் குண்டூசி எவர் காதில் விழும்? அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டுவிட்டு அந்தத் தெருவில் நடக்க முடியுமா?

அந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழா விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மறுநாள், வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. பள்ளிக்குக் கூடுதல் நிதி தரப் போகிறார்கள். அதில் சுவருக்கு வெள்ளையடிக்கக் கூடாது, பீரோ வாங்கக் கூடாது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு மட்டும்தான் செலவு செய்ய வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயரை எழுதி, ஒவ்வொருவருக்கும் எதிரே பின்தங்கியதற்குக் காரணம் என்ன என்று எழுதி, பழைய முன்னேற்ற அறிக்கைகளின் நகலையும் இணைத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

மாரித்தாய் ஒன்பது பேரை எழுதினாள். ஒருவனுக்கு 'அடிக்கடி விடுப்பு', ஒருத்திக்கு 'பெற்றோர் கவனிப்பதில்லை', இன்னொருவனுக்கு 'விளையாட்டுத்தனம்'. கோமதிஸ்ரீ என்ற பெயர் வந்தபோது அவள் பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லை. 'சொல்வதைக் கேட்பதில்லை' என்று எழுதி அடியில் ஒரு கோடும் போட்டாள். அந்தப் பிள்ளையின் ஒன்றாம் வகுப்பு அறிக்கையிலும் இரண்டாம் வகுப்பு அறிக்கையிலும் இதையேதான் சிவப்பு மையில் எழுதியிருந்தாள். மூன்றாவது வருஷமாக எழுதும்போது புதிதாக என்ன யோசிக்க இருக்கிறது?

கோமதிஸ்ரீயின் அப்பா சங்கரலிங்கமும் அம்மா ஆவுடைத்தாயும் பள்ளிக்கு மூன்று கட்டடம் தள்ளி உள்ள தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறார்கள். கைப்பிள்ளையாக இருந்தபோது அந்தத் தறிக்கூடத்து உத்தரத்தில்தான் அவளுக்குத் தொட்டில் கட்டியிருந்தார்கள். கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதச் சொன்னால் அச்சடித்ததுபோல் எழுதுவாள். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு போய் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டி, கையெழுத்து என்றால் இது என்று ஞானதுரை சொன்னதுண்டு. ஆனால் 'சொல்வதை எழுதுதல்' என்று ஆரம்பித்துவிட்டால் போதும், நோட்டு வெறுமையாகத்தான் இருக்கும். பத்து வார்த்தை சொன்னால் பத்தும் வெறுமை. சில நாள் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதி மாட்டிக்கொள்வாள். எழுதத் தெரிந்த கைக்கு, சொன்னால் எழுத என்ன கேடு? கொழுப்பு, வேறென்ன என்பது மாரித்தாயின் தீர்ப்பு.

கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எதிரே நின்று கூப்பிட்டால் உடனே எழுந்து ஓடிவருவாள். வகுப்பே சிரித்து ஓய்ந்த பிறகு இவள் ஒருத்தி தனியாகச் சிரிப்பாள். பேச்சும் கொழகொழவென்று இருக்கும். மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் இந்தச் செல்லம் என்ன என்று அதற்கும் ஒரு திட்டு விழும்.

போன வருஷம் ஆவுடைத்தாயை வரச் சொல்லி மாரித்தாய் புகார் சொன்னாள். தலையெல்லாம் பஞ்சோடு வந்து நின்ற ஆவுடைத்தாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நம்ப முடியாதவள்போல் சொன்னாள்.

"வீட்ல நான் கண்ணக் காட்டுனாலே செஞ்சிருவாளே டீச்சர். இவள மாதிரி சூட்டிகை எங்க வீட்டுல யாருமில்ல."

மாரித்தாய்க்குச் சுருக்கென்றது. வீட்டில் கண்ணைக் காட்டினாலே செய்கிறவள், இங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் செய்யவில்லை என்றால், குறை யாரிடம் என்கிறாள் இவள்? அன்றைக்கே கோமதிஸ்ரீயின் பையைத் தூக்கிக் கடைசி பெஞ்சில் வைத்தாள். கேட்காத பிள்ளைகள் பெஞ்சு என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தாள். ஜன்னலை ஒட்டிய பெஞ்சு அது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம்.

ஜூன் மாதத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மாரித்தாய் பலகையைப் பார்த்து நின்று கணக்கு எழுதிக்கொண்டே, எல்லாரும் நோட்டை மூடுங்கள் என்றாள். எல்லாரும் மூடினார்கள். கோமதிஸ்ரீ மட்டும் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். நான்கு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு மாரித்தாய் கடைசி பெஞ்சுக்கே போனாள். நோட்டைப் பிடுங்கினாள். ஸ்கேலால் விரல் முட்டியில் ஒன்று வைத்தாள். வாசலில் வெயிலுக்குள் நிறுத்தி, எதற்காக நிற்கிறாய் என்று யோசித்து வந்து சொல் என்றாள். அந்தப் பிள்ளை மத்தியான மணி அடிக்கும்வரை நின்றது. அழவில்லை. டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. அழாமல் பார்த்துக்கொண்டே நின்றதில் மாரித்தாய்க்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

நிதி வந்ததும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தது. பெரிய டிவி வாங்கலாம் என்றார் ஒருவர். அதைப் போட்டுக் காட்டவும் ஒரு ஆசிரியர் வேண்டாமா என்று ஞானதுரை அவரை உட்கார வைத்தார். சாயங்காலம் ஒரு மணி நேரம் தனி வகுப்பு, அதை எடுக்க தெற்குத் தெருவில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஸ்ருதி, வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சுண்டல், படங்களோடு வாசிக்கப் புத்தகம் என்று அவர் ஏற்கெனவே ஒரு திட்டம் வைத்திருந்தார். பெற்றோருக்கும் சுண்டல் பிடித்திருந்தது. மீதிப் பணத்துக்கு மாரித்தாய் கழுத்தில் மாட்டுகிற மைக் ஒன்று கேட்டாள். ஞானதுரை தலையைச் சொறிந்தார். பட்டியலில் உள்ள பிள்ளைகளுக்கு முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடலாம், மைக்கைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள். "கண்ணும் காதும் எல்லாத்துக்கும் நல்லாத்தான் சார் இருக்கு. கொழுப்புக்கு எந்த மிஷின் வச்சுப் பாப்பீங்க?"

கூட்டம் சிரித்தது. ஆவுடைத்தாயும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். அவளும் சிரித்தாள்.

பரிசோதனைக்குக் கடையநல்லூரிலிருந்து ரசீதா என்கிற பெண் வந்தாள். காதுப் பரிசோதனைக்கென்றே படித்தவள். இந்தத் தெருவில் வைத்துக் காதைச் சோதிக்க முடியாது, சத்தமே இல்லாத இடம் வேண்டும் என்று அவள் போனிலேயே சொல்லிவிட்டாள். ஞானதுரை யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து கரண்ட் இருக்காது. அன்றைக்கு ஊரில் ஒரு தறியும் ஓடாது. ரசீதாவின் மிஷின் பேட்டரியில் ஓடும். ஆகவே கரண்ட் இல்லாத அந்தச் செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று.

ஒன்பது மணிக்குத் தறிகள் நின்றன. மாரித்தாய் வழக்கம்போல் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்னாள். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். சத்தமில்லாத அறையில் அது அவ்வளவு பெரிதாக, அவ்வளவு கடுமையாக இருந்தது. முன்வரிசையில் நின்ற பையன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டான். பத்தொன்பது வருஷத்தில், கரண்ட் போன நாட்களில்கூட, அவள் தன் குரலைக் கவனித்துக் கேட்டதில்லை. பிறகு மெதுவாகப் பேச முயன்றாள். பழக்கம் இல்லாததால் வார்த்தைகள் தடுமாறின.

கண்ணைப் பார்க்க வந்தவர்கள் முதலில் சோதித்து முடித்தார்கள். இரண்டு பையன்களுக்குக் கண்ணாடி வேண்டும் என்றார்கள். விளையாட்டுத்தனம் என்று அவள் எழுதிய பையன் அதில் ஒருவன். இருக்கட்டும், ஒரு கண்ணாடிதானே என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்தது காது. ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, பீப் என்று சத்தம் வரும்போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும் என்று ரசீதா பிள்ளைகளுக்குச் சொன்னாள். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மிஷின் பீப் என்னும் முன்பே கை தூக்கினவர்களும் உண்டு. ஆறாவதாகக் கோமதிஸ்ரீ உட்கார்ந்தாள். அவள் கை மடியிலேயே இருந்தது. ரசீதா மிஷினில் எதையோ திருகினாள். கை எழவில்லை. இன்னும் திருகினாள். கோமதிஸ்ரீ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாரித்தாய்க்குப் பொறுக்கவில்லை. "கையத் தூக்குட்டி. பாத்தீங்களா, உங்ககிட்டயும் அப்படித்தான் இருக்கா. சொல்லுததக் கேக்கவே மாட்டா."

ரசீதா விரலை உதட்டில் வைத்து அவளைப் பேச வேண்டாம் என்றாள். எழுந்து பிள்ளையின் பின்னால் போய் நின்றாள். சாதாரணமாக, வீட்டில் கூப்பிடுவதுபோல், கோமதிஸ்ரீ என்று கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. தறிகள் நின்ற அந்த அமைதியில் வாசலில் நின்ற சமையலம்மாகூட அதைக் கேட்டு எட்டிப் பார்த்தாள். ரசீதா வலது காதுக்குப் பின்னால் ஓங்கிக் கைதட்டினாள். கோமதிஸ்ரீ லேசாக அசைந்து, இடது பக்கம் திரும்பி, அங்கே யாரும் இல்லாததைப் பார்த்தாள்.

மாரித்தாய் ஓரெட்டு முன்னால் வந்து பிள்ளையின் காதைப் பார்த்தாள்.

ரசீதா மறுபடி உட்கார்ந்து அரை மணி நேரம் சோதித்தாள். பிறகு தாளில் எழுதிக்கொண்டே சொன்னாள். வலது காது சுத்தமாக இல்லை. இடது காதில் பாதிக்கும் கீழே. எதனால் என்று இப்போது சொல்ல முடியாது, சின்ன வயதில் சீழ் வடிந்திருக்கலாம், தறிச் சத்தமும் இருக்கலாம், டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இது இன்றைக்கு நேற்று வந்ததில்லை. இத்தனை நாள் இவள் எல்லாருடைய வாயையும் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்திருக்கிறாள். திரும்பி நின்றுகொண்டு பேசினால் இவளுக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது.

வாயைப் பார்த்து. வெயிலில் நின்று தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகம் மாரித்தாயின் கண்ணில் வந்து நின்றது. திமிர் என்று நினைத்தாளே, பாவி! அந்தப் பிள்ளை, டீச்சர் இன்னும் ஒரு தடவை ஏதாவது சொல்ல மாட்டாளா, எதற்கு நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள மாட்டோமா என்று பார்த்திருக்கிறது. அவளோ கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதற்குள் ரசீதா கோப்பைப் புரட்டினாள். இரண்டு வருஷ அறிக்கைகளும் இந்த வருஷப் பட்டியலும் அதில் இருந்தன. அவள் முகம் மலர்ந்தது.

"டீச்சர், நீங்கதான் எழுதிருக்கீங்களே! கேட்பதில்லை, கேட்பதில்லை, கேட்பதில்லைன்னு மூணு வருஷமா எழுதிருக்கீங்க. நான் போற பள்ளிக்கூடத்துல எல்லாம் மந்தம், சோம்பேறின்னுதான் எழுதி வச்சிருப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் சரியா எழுதிருக்கீங்க."

மாரித்தாய்க்கு முதலில் அவள் என்ன சொல்கிறாள் என்றே புரியவில்லை. பிறகு புரிந்தது. தன் கையெழுத்தை எட்டிப் பார்த்தாள். சொல்வதைக் கேட்பதில்லை. அடங்க மாட்டாள் என்ற அர்த்தத்தில் அவள் எழுதியது. காதில் விழவில்லை என்ற அர்த்தத்தில் இந்தப் பெண் படிக்கிறாள். எழுத்து ஒன்றுதான், ஒரு புள்ளி மாறவில்லை. மூன்று வருஷமாக உண்மையைத்தான் எழுதியிருக்கிறாள். தனக்கே தெரியாமல் எழுதியிருக்கிறாள்.

"ஆனா ஒண்ணு டீச்சர்," என்று ரசீதா தயங்கினாள். "இவ்வளவு தெரிஞ்சும் ஏன் யாருட்டயும் காட்டல?"

மாரித்தாய் வாயைத் திறந்தாள். ஞானதுரை முந்திக்கொண்டார். டீச்சர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள், நிதி இப்போதுதானே வந்தது என்றார். சொல்லும்போது அவர் மாரித்தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

தறி ஓடாததால் ஆவுடைத்தாய் வீட்டில்தான் இருந்தாள். சமையலம்மா போய்ச் சொன்னதும் ஓடிவந்தாள். ரசீதா அவளை உட்கார வைத்து விளக்கினாள். முதலில் ஆவுடைத்தாய் நம்பவில்லை. தறிக்கூடத்தில் நாங்கள் யாருமே வாயால் பேச மாட்டோம், கையாலும் கண்ணாலும்தான் பேசிக்கொள்வோம், இவள்தான் எங்களுக்குள்ளேயே அதில் கெட்டிக்காரி என்று சொல்லிக்கொண்டே வந்தவள், சொன்னது தனக்கே உறைத்ததும் சட்டென்று நிறுத்தினாள். மகளின் காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ரசீதா நல்ல மனசோடு அந்தச் சிவப்பு மை எழுத்துகளைக் காட்டி, உங்கள் டீச்சர் மூன்று வருஷமாகக் கவனித்து எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இன்று இவளைச் சோதிக்க முடிந்தது என்றாள்.

ஆவுடைத்தாய் எழுந்து வந்து மாரித்தாயின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பெத்த எனக்குத் தெரியல டீச்சர். நீங்க கண்டுபிடிச்சீங்களே."

அந்த ஸ்கேலைப் பிடித்த கை அது. அதை உருவிக்கொள்ளவும் முடியாமல், கொடுத்துக்கொண்டு நிற்கவும் முடியாமல் மாரித்தாய் சுவரில் சாய்ந்தாள்.

அன்று பிள்ளைகள் போன பிறகு அவள் ஞானதுரையிடம் போனாள். நான் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை சார், ஆவுடைத்தாயிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனக்கும் அது தெரியும் என்றார். தானும் அந்த அறிக்கைகளில் மூன்று வருஷமாகக் கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இந்த நிதியில காது மிஷின் வாங்கணும்னா பழைய பதிவு வேணும் டீச்சர். நீங்க எழுதினதுதான் பதிவு. நல்ல அர்த்தம் தானா அமைஞ்சிருக்கு. அதப் போயி நாமளே கெடுப்பானேன்?"

பிள்ளைக்காகத்தான், பிள்ளைக்கு மிஷின் வரும்வரைதான் என்று மாரித்தாய் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மறுநாள் கோமதிஸ்ரீயை முதல் பெஞ்சுக்குக் கொண்டுவந்தாள். கேட்காத பிள்ளைகள் பெஞ்சை வகுப்பை விட்டே தூக்கி வராந்தாவில் போட்டாள். பலகைக்குத் திரும்பி நின்று ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்லாம் செய்தாள். செய்யச் செய்ய, மனசு இன்னும் அதிகமாகத்தான் குத்தியது.

டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தார். ரசீதா மறுபடி வந்து, மிஷின் பொருந்துவதற்குக் காதில் அச்சு எடுத்தாள். இடையில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிக் கூட்டம் நடந்தது. நிதியை எப்படிச் செலவு செய்யலாம் என்பதற்கு இந்தப் பள்ளியைத்தான் உதாரணம் சொன்னார்கள். சாயங்கால வகுப்பில் ஸ்ருதியிடம் ஐந்து பிள்ளைகள் வாசிக்க ஆரம்பித்துவிட்டதைச் சொன்னார்கள், கண்ணாடி போட்ட பையன்களைச் சொன்னார்கள், கடைசியில் மாரித்தாயை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாரும் கைதட்டினார்கள். குருவிகுளம் ஒன்றியத்திலிருந்து வந்திருந்த ஒரு டீச்சர் பக்கத்தில் வந்து, எப்படி அக்கா கண்டுபிடித்தீர்கள், எங்கள் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும், சொல்லுங்கள் என்று நோட்டையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டாள். தலைவலிக்கிறது என்று சொல்லி மாரித்தாய் பாதியிலேயே பஸ் ஏறினாள். சும்மா வந்த பேர் என்றால்கூடப் பரவாயில்லை. இது அந்தப் பிள்ளையை அடித்துச் சம்பாதித்த பேர் அல்லவா?

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மிஷின் வந்தது. அன்று கரண்ட் இருந்தது, தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. ஞானதுரையின் அறையில் ரசீதா, ஆவுடைத்தாய், மாரித்தாய் மூன்று பேரும் நிற்க, நடுவே ஸ்டூலில் கோமதிஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். ரசீதா இடது காதில் மிஷினைப் பொருத்தி மெதுவாகத் திருகினாள்.

கோமதிஸ்ரீ இரண்டு கைகளாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். கண் அகன்றது. ஜன்னலைப் பார்த்தாள். அது என்ன என்று அம்மாவிடம் கையால் கேட்டாள்.

"நம்ம தறிதாம்மா," என்றாள் ஆவுடைத்தாய். சொல்லும்போதே அழுதாள். பிறந்ததிலிருந்து அந்தத் தறிக்கு அடியிலேயே கிடந்த பிள்ளை அது.

ரசீதா சத்தத்தைக் குறைத்துச் சரிசெய்தாள். பிறகு, டீச்சரே பிள்ளையைப் பின்னாலிருந்து கூப்பிடட்டும் என்றாள். ஆவுடைத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் டீச்சர், நீங்கதான் முதல்ல கூப்பிடணும் என்று மாரித்தாயின் கையைப் பிடித்து ஸ்டூலுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். பிடித்த கையை விடவும் இல்லை.

மாரித்தாய் கூப்பிட்டாள். தன் பத்தொன்பது வருஷக் குரலில் இல்லை. யாருக்கும் கேட்காத மாதிரி, கோமதி என்று.

பிள்ளை திரும்பியது.

திரும்பி டீச்சரைப் பார்த்துச் சிரித்தது. காதில் இருந்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. பிறகு ரொம்ப நாளாக மனசில் வைத்திருந்த ஒன்றை, இப்போது பதில் காதில் விழும் என்று நிச்சயமானதும் எடுத்ததுபோல், தன் கொழகொழத்த பேச்சில் கேட்டது.

"டீச்சர், அன்னைக்கு எதுக்கு என்னைய வெயில்ல நிக்க வச்சீங்க?"

கேள்வியில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. ஒரு கணக்கில் சந்தேகம் கேட்பதுபோல்தான் அது கேட்டது. ஆவுடைத்தாய் சங்கடத்தோடு சிரித்தாள்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்ப நானும் கேட்டேன் டீச்சர். தெரியலன்னா. பொய் சொல்லுதான்னு நானும் ரெண்டு போட்டேன்."

ஞானதுரை செருமினார். சரி சரி, சுண்டல் ஆறுகிறது, போய்ச் சாப்பிடு என்று பேச்சை மாற்றப் பார்த்தார். ஆனால் கோமதிஸ்ரீ நகரவில்லை. மாரித்தாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஜூன் மாதம் வெயிலில் நின்று பார்த்த அதே பார்வை. இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ள மாரித்தாயால் முடியவில்லை. பிள்ளைக்கு நேராகக் குனிந்தாள்.

"நீ கேக்கலன்னுதான் மக்கா. நோட்ட மூடுன்னு நாலு தடவ சொன்னேன். நீ கேக்கலன்னு நிக்க வச்சேன்."

பிறகு நிமிர்ந்து ஆவுடைத்தாயைப் பார்த்துச் சொன்னாள். "நான் ஒண்ணும் கண்டுபிடிக்கலம்மா. அடங்க மாட்டேங்கான்னுதான் மூணு வருஷமும் எழுதினேன். அந்த எழுத்துக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு, அன்னைக்கு இந்த ரசீதாப் புள்ள படிச்சுக் காட்டும்போதுதான் எனக்கே தெரியும்."

ரசீதா கையில் இருந்த டப்பாவை மேஜையில் வைத்தாள். ஞானதுரை தரையைப் பார்த்தார்.

கோமதிஸ்ரீக்கு இதெல்லாம் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. டீச்சர் முகம் கோணிப்போய் அழுவதைப் பார்த்ததும், சமாதானம் சொல்வதுபோல் அவள் சேலை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"இப்பக் கேக்குது டீச்சர்," என்றாள்.

ஆவுடைத்தாய் டீச்சரின் கையைப் பிடித்திருந்த தன் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.